கிழங்கைத் தோண்டிய கை

சிகாண்டா இறுகவில்லை.

காடோங்கோ சட்டி மூடியின் மேலிருந்த தணலைத் தள்ளி, மூடியைத் திறந்து, கத்தியை நடுவில் சொருகிப் பார்த்தாள். நிற்க வேண்டிய கத்தி சாய்ந்து விழுந்தது. ஆறினால் இறுகும் என்று ஒரு மணி நேரம் பொறுத்தாள். ஆறிய பிறகும் அது கஞ்சியுமில்லாமல் களியுமில்லாமல் கிடந்தது. சதுப்பில் பூக்கும் ஆர்க்கிட் செடியின் கிழங்கை இடித்து, வேர்க்கடலைப் பொடி, மிளகாய், உப்பு, சாம்பல் நீர் சேர்த்துக் கைவலிக்கக் கிளறி வேகவைத்தால், கத்தியால் துண்டு போடுகிற மாதிரி வரவேண்டும். இருபத்தாறு வருஷமாக அவள் கைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. கசாமா நகரத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து அவளிடம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

இன்னும் இரண்டு நாளில் அமாதெபெத்தோ. பெண் வீட்டுப் பெண்கள் விதவிதமாகச் சமைத்துத் தலையில் சுமந்துகொண்டு, பாட்டும் மேளமுமாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், 'இனிமேல் எங்கள் பெண் உனக்கு ஆக்கிப்போடுவது இதெல்லாம்தான்' என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டும் விருந்து. அதில் சிகாண்டா தளதளவென்று ஆடினால் ஊர் சிரிக்கும்.

வேறு யாராவதாக இருந்தால் கிழங்கைச் சந்தேகப்பட்டிருப்பார்கள், இல்லை அடுப்பைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். காடோங்கோ ஆளைச் சந்தேகப்பட்டாள். அது அவள் சுபாவம். வீட்டு ஆடு குட்டி போட்டால்கூட அது யார் வீட்டுக் கடாவின் வேலை என்று தெரிந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அந்தப் பக்கத்துப் பெண்களின் சட்டமும் அவளுக்கு ஒத்தாசையாக இருந்தது. தூரமான நாட்களில் பெண் உப்பைத் தொடக்கூடாது. முறையில்லாத படுக்கையிலிருந்து எழுந்து வந்தவள் அடுப்புத் தீயைத் தொடக்கூடாது. தொட்டால் சட்டி காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சட்டியைத் தொட்டவர்கள் மூன்று பேர். ஒன்று காடோங்கோ. அவள் தன்னைத் தானே சந்தேகப்பட்டுப் பழகாதவள். இன்னொன்று கல்யாணப் பெண் லொம்பே, பெற்ற மகள். மிச்சம் இருந்தது புருஷனின் தங்கை முசெங்கே. இரண்டு புருஷனை விட்டுவிட்டு வந்தவள். கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் என்று ஈஸ்டருக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டவள். சிரித்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும். லொம்பேயின் அப்பாவோ, இந்த வாரம் பெண்கள் ராஜ்ஜியம் என்று தன் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"முலாமு, இங்க வா" என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"வந்துட்டேன். உங்க முகத்தைப் பார்த்தா இன்னிக்கு எனக்குத்தான் பூசை போலிருக்கே."

"நேத்து ஸ்டேஷன் பக்கம் போனியே, எதுக்கு?"

"சோப்பு வாங்க."

"சோப்பு வாங்க ரெண்டு மணி நேரமா?"

"பேசிட்டு வந்தேன். ஆண்டவன் வாய் குடுத்திருக்கான்ல."

"யார்கூட?"

"பனா லொம்பே, சுத்தி வளைக்காதீங்க. எவன்கூடப் படுத்தேன்னு கேக்கணும், அவ்வளவுதானே? ஒருத்தனும் சிக்கல. சிக்கியிருந்தா என் மூஞ்சி இப்படியா இருக்கும்?"

பெண்ணின் பெயரைச் சொல்லி, லொம்பேயின் தாயே என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டேதான் முசெங்கே இத்தனையும் பேசுவாள். காடோங்கோ விடவில்லை.

"அப்ப உப்பு? தூரமா இருந்துகிட்டு உப்புல கை வச்சியா?"

முசெங்கேயின் சிரிப்பு நின்றது. படுக்கையைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறவளுக்கு உப்பைப் பற்றிக் கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது.

"நான் எதுக்கு உப்பைத் தொடறேன்? உப்பு டப்பா உங்க பொண்ணு கையிலதானே இருக்கு? நான் வந்த நாள்லேருந்து பாக்கறேன். தினம் அவதான் உப்பு போடறா. ஒருநாள், ஒரே ஒருநாள்கூட நீங்க அந்த டப்பாவைத் தொட்டு நான் பார்த்ததில்ல. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, ஒருநாள்கூட..."

சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது. என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது.

கல்யாணம் பேசி முடித்த அன்றைக்கே அந்த வீட்டின் உப்பு லொம்பே கைக்குப் போய்விட்டது. தூரமான நாளில் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். டப்பாவைக் கொண்டுவந்து அம்மாவின் அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான்கைந்து நாள் அம்மா உப்புப் போடுவாள். பிறகு டப்பா தானாக அடுப்படிக்குத் திரும்பிவிடும். இதில் பேச்சு கிடையாது. காடோங்கோ விரல் விட்டுப் பார்த்தாள். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் டப்பா வாசலுக்கு வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு தடவை தவறியது, இரண்டாம் தடவையும் தவறியது. மாப்பிள்ளை வீட்டுத் துணி, பாத்திரம், கோழி என்று ஓடிக்கொண்டிருந்ததில் அவள் கவனிக்கவேயில்லை.

"ஊசி போற இடத்தையெல்லாம் பார்ப்பீங்க" என்றாள் முசெங்கே மெதுவாக. "உலக்கை போன இடத்தைக் கோட்டை விட்டுட்டீங்க."

வெளியே லொம்பே உரலில் கடலை இடித்துக்கொண்டிருந்தாள். காடோங்கோ கூப்பிட்ட குரலிலேயே உலக்கைச் சத்தம் நின்றது. உள்ளே வந்தவள் அத்தை முகத்தைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"எத்தனை மாசம்?"

"ஈஸ்டர்லேருந்து."

"யாரு?"

"என்ன கேள்வி மாயோ இது?" என்று அம்மாவைக் கேட்டாள் லொம்பே. "நீங்க பேசி முடிச்ச மாப்பிள்ளை சிசாலாதான்."

"சிங்கோலா சுரங்கத்துல ஈஸ்டருக்கு லீவு இல்லைன்னு காயிதம் போட்டவன் எப்படி இங்க வந்தான்? காத்துல பறந்தா?"

"ரயில்ல. சனிக்கிழமை வந்துட்டு ஞாயித்துக்கிழமை போயிட்டாரு. அவங்க வீட்டுக்கே தெரியாது."

"எங்க பார்த்தே?"

"சதுப்புல. நீங்கதானே கிழங்கு தோண்ட அனுப்பினீங்க."

"யாராவது பார்த்தாங்களா?"

"யாரும் பார்க்கக் கூடாதுன்னுதானே மாயோ அங்க போனோம்!"

அந்தப் பதில் நியாயமானதுதான். ஆனால் சாட்சி இல்லாத நியாயம் காடோங்கோவிடம் செல்லாது. அவள் மனது அதற்குள் ஊரைச் சுற்றிவர ஆரம்பித்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் கிழங்கு கொண்டுவரும் வியாபாரி ஒருவன், லொம்பே வாங்கினால் மட்டும் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுவான். சர்ச்சில் பாட்டுக் குழு நடத்துகிறவன், போன மாதம் ஒரே வரியை அவளை நாலு தடவை பாடச் சொன்னான். ரயில்வே கேட்டில் நிற்கிறவன், ரயில் இல்லாதபோதும் கையாட்டுகிறான். அன்றைக்கெல்லாம் ஒன்றுமில்லாமல் இருந்தது இன்றைக்கு எல்லாமாகத் தெரிந்தது.

ஊர் என்ன சொல்லும் என்பதல்ல அவள் பயம். ஊருக்கு வாய் வலிக்கும்போது நிறுத்திவிடும். அவளுடைய அக்கா முவேவா பிரசவத்தில் இரண்டு நாள் கிடந்து செத்தாள். பிள்ளை வெளியே வராமல் நின்றால், தாய் யாருடைய பெயரையோ மறைக்கிறாள் என்று அர்த்தம். பெயரைச் சொன்னால்தான் வழி திறக்கும். சுற்றி நின்ற பெண்கள் "பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு" என்று இரண்டு நாளும் கத்தினார்கள். கத்தியவர்களில் பதினாறு வயது காடோங்கோவும் ஒருத்தி. முவேவா புருஷன் பெயரைத் தவிர வேறு பெயர் சொல்லவில்லை. மறைத்துச் செத்தாளா, மறைக்க ஒன்றுமில்லாமலே செத்தாளா என்று காடோங்கோவுக்கு இன்றுவரை தெரியாது. அதன் பிறகுதான் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது என்று அவளுக்குள் ஒன்று உட்கார்ந்துகொண்டது.

இதில் கிழங்கும் இருந்தது. அந்த ஆர்க்கிட்டுக்கு மண்ணுக்கடியில் இரண்டு கிழங்கு. ஒன்று இந்த வருஷப் பூவுக்குப் பால் கொடுத்துச் சுருங்கிப்போனது. இன்னொன்று அடுத்த வருஷத்துக்காகக் கொழுத்து நிற்பது. தாயும் பிள்ளையும் என்பார்கள். சிகாண்டாவுக்குப் பிள்ளை மட்டும் போதும். மருந்துக்கு இரண்டும் பிரியாமல் வேண்டும். மூன்றாம் மாதம் பிறந்ததும் கர்ப்பிணிக்கு அந்த ஜோடியை வேகவைத்துக் கரைத்துக் கொடுத்தால் கரு தங்கும், பிரசவம் லேசாகும். ஆனால் அந்த ஜோடியைப் பிள்ளையின் தகப்பன்தான் தன் கையால் தோண்ட வேண்டும். வேறு கை தோண்டியதைக் குடித்தால் பிரசவத்தில் வழி அடைத்துக்கொள்ளும். ஆகவே யாருடைய பிள்ளை என்று தெரியாமல் காடோங்கோவால் மகளுக்கு மருந்து கொடுக்க முடியாது. கொடுக்காமலும் இருக்க முடியாது.

அவள் எழுந்து போய் லொம்பேயின் துணிக் கூடையைக் கவிழ்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அடியில் வாழையிலைச் சுருள் ஒன்று இருந்தது. பிரித்தாள். ஆறு ஜோடிக் கிழங்குகள். தாயும் பிள்ளையும் பிரியாமல், வேர் அறுபடாமல், மண் தட்டி, நிழலில் உலர்த்தி வைத்திருந்தது.

"இது யார் தோண்டினது?"

லொம்பே சுருளைப் பறிக்கக் கை நீட்டினாள்.

"காம்பு இன்னும் பச்சையா இருக்கு. தோண்டிப் பத்து நாள்கூட ஆகல. பத்து நாளைக்கு முன்னால உன் சிசாலா சுரங்கத்துக்குள்ள இருந்தான். அவன் ஊருக்கு வந்தது நேத்து. எவன் தோண்டிக் குடுத்தான்?"

"யாரும் இல்ல."

"அப்ப கிழங்கு தானா நடந்து வந்து கூடைக்குள்ள படுத்துகிச்சா?"

லொம்பே அழுதாள். அன்று சாயங்காலம்வரை மிரட்டியும், கெஞ்சியும், முவேவாவின் பெயரைச் சொல்லியும் பார்த்தாகிவிட்டது. முசெங்கே தனியாகக் கூட்டிப்போய்த் தாஜா செய்து பார்த்தாள். "சிசாலாதான் அத்தை. கிழங்கைப் பத்தி மட்டும் கேக்காதீங்க" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.

"மடியில கனம் இல்லாதவளுக்கு வழியில என்ன பயம்?" என்றாள் காடோங்கோ.

"மடியிலதான் கனம் இருக்கே, பனா லொம்பே" என்று சொல்லிவிட்டு முசெங்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை புதுக் கிழங்கை இடிக்க உட்கார்ந்தபோதுதான் சாம்பல் பானை கண்ணில் பட்டது. காடோங்கோ ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள். அவரைத் தொலி சுட்ட சாம்பலாக இருக்க வேண்டியது, வெறும் கரியடுப்புச் சாம்பல்.

"முலாமு, இந்தச் சாம்பல் எங்கே எடுத்தே?"

"அடுப்புலதான். ஏன், சாம்பல் சாம்பல்தானே?"

"சாம்பலுக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாதவதான் ரெண்டு புருஷனைத் தொலைச்சுட்டு நிப்பா."

ஆக, முதல் சட்டி கெட்டதற்கு எந்தப் படுக்கையும் காரணமில்லை, எந்த உப்பும் காரணமில்லை. காடோங்கோ தப்பான வழியில் போய்ச் சரியான இடத்தில் முட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவரைத் தொலியைச் சுட்டு, சாம்பல் நீரை வடித்து, லொம்பேயையே கிளறச் சொல்லி, லொம்பேயையே உப்புப் போடச் சொன்னாள். கத்தி ஆணி அடித்த மாதிரி நின்றது. அது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை.

உண்மை தெரிந்த இன்னொரு ஆள் சிசாலா மட்டும்தான். ஓடைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், அவன் அப்பா வீட்டில் இருக்கிறான். ஆனால் மாமியார் மருமகனிடம் பேசக்கூடாது. எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். இந்த விலக்கை நீக்கும் சடங்குக்கு வருஷக் கணக்காகும். தூது பேசும் பெரியவரிடம் சொல்லியனுப்பலாம். அதற்குச் சர்ச் மணியை அடித்துச் சொல்லிவிடலாம். மாமியார் மருமகனுக்குத் தாராளமாக அனுப்பக்கூடியது ஒன்றே ஒன்றுதான், சாப்பாடு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். காடோங்கோ ஒரு முழு ஜோடிக் கிழங்கைச் சிகாண்டாவில் மறைத்தாள். லொம்பேயின் கூடையிலிருந்து எடுத்து, வேகவைத்து, ஒரு துண்டின் அடியைக் குடைந்து உள்ளே வைத்து மூடினாள். கிழங்கு விஷயத்தில் அந்த ஊர் ஆண்பிள்ளைகளுக்கு வேறு ஒரு இழவும் தெரியாது. ஜோடி என்றால் என்ன, அதைத் தோண்ட வேண்டியவன் யார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

"இந்தத் துண்டை நீயே அவன் தட்டுல வை" என்று முசெங்கேயிடம் சொன்னாள். "வேற எவன் தட்டுக்காவது போச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். வச்சுட்டு அவன் முகத்தைப் பாரு."

"முகத்துல என்ன பார்க்கணும்?"

"சிரிச்சாலும் துப்பினாலும் அவனுக்கு ஒண்ணும் தெரியாது. கோபம் வந்தா, வேற எவனோ இருக்கான்னு அவன் காதுக்குப் போயிருக்கு. தலை குனிஞ்சா அவனோடதுதான்."

"தலை குனிஞ்சு மீன்ல முள்ளு எடுத்தான்னா?"

"போடி."

விருந்தன்று ஜூன் மாதக் குளிரில் பெண்கள் விடியுமுன்னே வந்துவிட்டார்கள். புகையில் உலர்த்திய கெளுத்தி, வறுத்த கம்பளிப்புழு, காளான், கடலைப் பொடி போட்ட பூசணியிலை, முழுக் கோழி, அவரை, சோளக்களி என்று பதினோரு பாத்திரங்கள் தலையில் ஏறின. சிகாண்டா முசெங்கே தலையில் ஏறியது. பெண்ணும் பெண்ணைப் பெற்றவளும் போகக்கூடாது. மேளம் ஓடையைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டு இருவரும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். உச்சி வெயில் வந்தபோது அக்கரையில் மேளம் நின்றது. சாப்பிடுகிறார்கள் என்று காடோங்கோ நினைத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி தொடங்க வேண்டிய மேளம் தொடங்கவில்லை.

முசெங்கே தனியாக, தலையில் துணிகூட இல்லாமல் ஓடிவந்தாள்.

"எழுந்து போயிட்டான்!"

"யாரு?"

"வேற யாரு? மாப்பிள்ளைதான்! துண்டை எடுத்துக் கடிச்சான். கடிச்சவன் அப்படியே நிறுத்திட்டான். வாயிலேருந்து எடுத்துப் பார்த்தான். கையைக் கழுவினான், எழுந்தான், போயிட்டான். அவங்க அம்மா கூப்பிடறா, மாமா கத்தறாரு, ஒருத்தர் பக்கமும் திரும்பல. எல்லாரும் சிகாண்டாவுல என்ன இருந்துச்சுன்னு என்னைக் கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

"கோபமா போனானா?"

"தெரியல."

"தலை குனிஞ்சானா?"

"தெரியல பனா லொம்பே! அவன் முகத்துல ஒண்ணுமே இல்ல. செத்தவன் முகம் மாதிரி இருந்துச்சு."

லொம்பே எழுந்து நின்றாள். "சிகாண்டாவுல என்ன வச்சீங்க?"

காடோங்கோ சொன்னாள். பெண்ணின் கண்ணைப் பார்க்க முடியவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஊரு முன்னாடியா?" என்றாள் லொம்பே. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம? அவருக்கே இன்னும் தெரியாதே மாயோ! நான் கல்யாணத்தன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

உள்ளே போய்ப் பாயில் சுருண்டு படுத்துக்கொண்டாள். காடோங்கோ மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை ஓடிவிட்டான். வேறு எவனுடைய சுமையையோ தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நினைத்து ஓடிவிட்டான். மகளின் கல்யாணத்தைத் தன் கையாலேயே குடைந்து, தன் கையாலேயே மூடி, தட்டில் வைத்து அனுப்பியாகிவிட்டது. அந்தத் துக்கத்திலும், துண்டு சரியான தட்டுக்குத்தான் போனதா என்று முசெங்கேயை இரண்டு தடவை கேட்டாள்.

வெயில் சாயும் நேரம். வேலியோரம் நாய் குரைத்தது. எட்டிப் பார்த்த முசெங்கே கத்தினாள். "ஒளிஞ்சுக்கோங்க! மருமகன் வரான்!"

காடோங்கோ எழுந்து ஓடி, சமையல் குடிசைக்குப் பின்னால் குந்தி, மேல்துணியைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டாள். துணியின் விளிம்புக்குக் கீழே தரை மட்டும் தெரிந்தது. கறுப்பு விருந்துச் செருப்பு இரண்டு வந்து நின்றன. செருப்பில் சேறு, முழங்கால்வரை சேறு. கோட்டைக் கழற்றி மூட்டையாகக் கட்டியிருந்தான். மூட்டையைத் தரையில் வைத்துப் பிரித்த கைகளில் நகத்துக்குள் ரத்தம் இருந்தது. மண்வெட்டி கேட்டு வாங்கக்கூட நிற்கவில்லை போலிருக்கிறது.

"அத்தை, இதை அவகிட்ட குடுங்க" என்றான் சிசாலா, முசெங்கேயிடம். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. "எனக்கு எது சரின்னு தெரியல. காம்பு தெரிஞ்ச இடமெல்லாம் தோண்டிட்டேன்."

"விருந்துல பாதியில எழுந்து போவாங்களா? உங்க அம்மா செத்துப் பொழைச்சிருப்பாங்க."

"ஈஸ்டர்லேருந்து எண்ணிப் பார்த்தேன் அத்தை. மூணாவது மாசம் பொறந்தாச்சே! இன்னிக்கே குடுக்க வேணாமா? ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல? ஒரு காயிதம் போட்டிருந்தா சுரங்கமாவது ஒண்ணாவதுன்னு அன்னிக்கே வந்திருப்பேனே."

ஈஸ்டர் என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. துணிக்குள் காடோங்கோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் மருமகன் காதில் விழும்படி விம்மிவிட்டால் அதற்கும் ஒரு கோழி தண்டம் கட்ட வேண்டும்.

முசெங்கே அவனைத் தேற்றி, அம்மாவைப் போய்ச் சமாதானப்படுத்து என்று துரத்திவிட்டாள். செருப்புச் சத்தம் தேய்ந்த பிறகு காடோங்கோ வந்து கோட்டு மூட்டையின் முன்னால் உட்கார்ந்தாள். லொம்பேயும் வந்து வாசலில் நின்றாள்.

மூட்டையைப் பார்த்த காடோங்கோவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாதிக்கு மேல் கோரைக் கிழங்கு. நாலைந்து காட்டு வெங்காயம். ஏதோ ஒரு மரத்தின் வேர்கூட இருந்தது. உண்மையான கிழங்கு இருந்ததெல்லாம் தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று பிய்ந்து நசுங்கிக் கிடந்தது. ஒரு பிள்ளை பிறக்கக் காரணமானவனுக்கு ஒரு கிழங்கைத் தோண்டத் தெரியவில்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள்.

"அப்ப உன் கூடையில இருந்ததை யார் தோண்டினது? அதைத் தோண்டினவனுக்குத் தொழில் தெரியும்."

"பனா லொம்பே, போதும் விடுங்க" என்றாள் முசெங்கே.

"நான்தான் தோண்டினேன்" என்றாள் லொம்பே.

அந்த ஊரில் எந்தப் பெண்ணும் அந்த ஜோடியைத் தனக்குத் தானே தோண்ட மாட்டாள். தகப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளையைச் சுமப்பவள்தான் தோண்டுவாள். அதனால்தான் காடோங்கோவுக்கு அது தோன்றவேயில்லை. அதனால்தான் லொம்பேயும் வாய் திறக்கவில்லை. கூடையில் மிச்சமிருந்த ஐந்து ஜோடிகளையும் காடோங்கோ எடுத்துப் பார்த்தாள். காம்பைச் சாய்வாக, இரண்டு விரல் விட்டு அறுத்திருந்தது. அவளே அறுக்கிற மாதிரி. அவள் கற்றுக்கொடுத்த மாதிரி.

"கை மாறினா என்ன ஆகும்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அவர் பேரைச் சொல்லிகிட்டே தோண்டினேன்."

"பேரைச் சொன்னா ஆச்சா? இதைக் குடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா அவனைத் தோண்ட வைக்க நான் வழி பண்ணியிருக்க மாட்டேனா?"

"உங்ககிட்ட சொன்னா மருந்தா குடுத்திருப்பீங்க?" என்றாள் லொம்பே. அழவில்லை. குரல்கூட உயரவில்லை. "விசாரணைதான் குடுத்திருப்பீங்க. யாரு, எங்க, எத்தனை மணிக்கு, யாரு பார்த்தா... அதுக்கு இதைக் குடிச்சு வர்றது வரட்டும்னு இருந்தேன்."

முசெங்கே ஏதாவது சொல்லிச் சிரித்தால் நன்றாக இருக்கும் என்று காடோங்கோ அவளைப் பார்த்தாள். முசெங்கே சிரிக்கவில்லை. பெற்ற பெண் தன் கேள்விக்குப் பயந்து சாவைக் கூடையில் உலர்த்தி வைத்திருந்தாள் என்பது காடோங்கோவின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. அவள் குனிந்து கோட்டு மூட்டையைக் கிளற ஆரம்பித்தாள். கோரையைத் தனியாக எறிந்தாள், வெங்காயத்தை எறிந்தாள், பிய்ந்ததையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினாள். கோட்டின் உள்பையில், சேற்றுக் கட்டியோடு, ஒரு ஜோடி இருந்தது. தாய் சுருங்கி, பிள்ளை வெளுத்து, நடுவில் நூல் மாதிரி ஒரு வேர். அறுபடவில்லை.

"ஒண்ணாவது சரியா எடுத்திருக்கான்" என்றாள்.

கழுவினாள், வேகவைத்தாள், மத்தால் மசித்துக் கரைத்தாள். லொம்பே கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு மெதுவாகக் குடிக்க ஆரம்பித்தாள். காடோங்கோ எதிரே உட்கார்ந்து அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டருக்கு அவன் வந்த ரயில் சீட்டு எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்க நாக்குத் துடித்தது. குடித்து முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.